பட்டுத்துணி போர்த்திய பலகைகள்

கடல் கடந்த நாடொன்றின் உதவியால் வந்த தடுப்பூசிக் குளிர்பெட்டி, சுகாதார நிலையத்தின் மூலையில் புதுமணப்பெண்போல் வீற்றிருந்தது. அதற்கு உயிரூட்டும் சூரியப் பலகைகளோ கூரையின்மேல் நீலப் பட்டுத்துணிக்குள் முகம் மறைத்துக் கிடந்தன. உதவி தந்த நாட்டின் தூதுக்குழு வந்து, கயிற்றை இழுத்துத் திரையை விலக்கிய பிறகே அவை உலகைக் காணவேண்டும் என்பது ஊர்த்தலைவரின் கட்டளை. தலைவர் வேறு யாருமல்லர். அங்கே பணிபுரியும் செவிலியின் கொழுந்தன்தான்.

குழு முந்தைய நாளே வந்திருக்க வேண்டும். மழையில் சாலை அரித்துப்போனதால் வரவில்லை. இன்றோ வானம் துடைத்துவைத்தாற்போல் தெளிந்து, ஞாயிறு தன் அருளை அள்ளிச் சொரிந்துகொண்டிருந்தது; பெற்றுக்கொண்டது பட்டுத்துணிதான். பெட்டி, மின்கலத்தில் மிஞ்சிய வலுவைத் தின்று ஓடியது. மண்ணெண்ணெயில் ஓடிய பழைய பெட்டியையும், விருந்தினர் கண்ணில் படக்கூடாதென்று தலைவர் முன்னமே அப்புறப்படுத்திவிட்டார். மறுநாள் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் நாள்.

உச்சிவேளையில் செவிலி வெப்பமானியைப் பார்த்தாள். ஏழு. எட்டைத் தாண்டி நின்றுவிட்டால் உள்ளிருக்கும் மருந்தை நம்புவதற்கில்லை. வாசலுக்கு விரைந்தாள். அங்கே தலைவர் வரவேற்புரையை மனனம் செய்துகொண்டிருந்தார்.

"தம்பி, அந்தத் துணிய எடுக்கச் சொல்லு."

"விளையாடாதீங்க அண்ணி! இப்பவே எடுத்துட்டா அவங்க வந்து எதைத் திறப்பாங்க? ஜன்னலையா?"

"மருந்து கெட்டுப்போகும்."

"நாளைக்கு வந்துடுவாங்க. அவங்க மனசு குளிர்ந்தாத்தான் அடுத்து பள்ளிக்கூடத்துக்கு கரண்ட் கேக்க முடியும்."

"அவங்க மனசு குளிர, பெட்டி சூடாகணுமா?"

"உங்ககிட்ட பேசி ஜெயிக்க முடியுமா? அண்ணன் எப்படித்தான் சமாளிக்கிறாரோ!"

"அவருக்குக் காது மந்தம். பிழைச்சுக்கிட்டாரு."

திறப்புக்கான கயிறு இன்னும் கட்டப்படவில்லை; சொல்லிக்கொண்டே சுவரில் சாய்த்திருந்த ஏணியை இழுத்து நிறுத்தி, முதற்படியில் கால் வைத்தாள்.

"ஐயோ அண்ணி! அந்த முழங்காலை வெச்சுக்கிட்டா?"

"நாளைக்கு வரிசையில உன் பொண்ணும் இருக்கா. கெட்டுப்போன மருந்தை அவளுக்குக் குத்தி அனுப்பவா? இல்ல, நீயே சொல்லிடு, போய் இன்னொரு நாள் வரச்சொல்லி. மலையிலேர்ந்து புள்ளைய இடுப்புல வெச்சுக்கிட்டு நடந்து வர்றவங்ககிட்டயும் நீயே சொல்லு."

தலைவருக்குக் காலங்கடந்து பிறந்த ஒரே மகள் அவள். உரைத்தாளை மடித்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

"இறங்குங்க. நான் ஏறறேன்."

துணி சரிந்தது. பலகைகளின்மேல் ஒளி விழுந்த கணத்தில், ஏணியைப் பிடித்திருந்த செவிலியின் கைகள் தாமாகக் குவிந்தன.

"கையெடுத்துக் கும்பிடறது அப்புறம் அண்ணி! ஏணிய விட்டுட்டீங்க!"

மாலையில் வெப்பமானி ஐந்தில் நின்றது.

மறுநாள் காலை தாய்மார் வரிசையில் நின்றிருந்தபோது தொலைபேசி ஒலித்தது. கேட்டுவிட்டு வந்த தலைவரின் முகம் வெளிறியிருந்தது.

"ரோடு சரியாகலையாம். அடுத்த வாரம்தான் வராங்களாம்."

செவிலி அவர் மகளின் தொடையைப் பஞ்சால் துடைத்து ஊசியை இறக்கினாள். குழந்தை ஊரையே கூட்டியது. தலைவர் அவளைத் தோளில் சாய்த்துத் தட்டிக்கொடுத்தவாறே மெல்லக் கேட்டார்:

"அண்ணி, அவங்க வரும்போது மட்டும் திரும்பப் போர்த்திக்கட்டுமா?"

"கார் தெரிஞ்ச பிறகு போர்த்து. போட்டோ எடுத்ததும், துணி எங்கயாச்சும் மாட்டியிருந்தா நீயே ஏறிக் கழட்டு" என்றவள், அடுத்த குழந்தைக்குக் கை நீட்டினாள்.