நைனாவுக்குத் தெரியாது

இப்பல்லாம் பெத்தவங்கிட்ட வாயைத் திறக்காத பிள்ளைங்க, கேமராவைக் கண்டா மட்டும் கொட்டித் தீர்க்குதுங்க. மாசிலாமணிக்கு அந்த வயித்தெரிச்சல்தான்.

போன வருஷம் சென்னையிலிருந்து ஒரு கும்பல் வந்தது. ஏரியையும் நண்டையும் பத்திப் படம் எடுக்கிறோம்னுதான் சொன்னது. நம்பித் தன் படகிலேயே ஏற்றிக்கொண்டு கழி ஊன்றினார். மகன் ஹேமந்த் பின்னால் உட்கார்ந்து தண்ணியை அளைந்துகொண்டிருந்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. குரலை அப்புறம் எங்கேயோ வைத்துச் சேர்த்திருக்கிறார்கள்.

அந்தப் படம்தான் இப்போது ஊரில் எல்லார் போனிலும் ஓடுகிறது. மாசிலாமணி முதுகைக் காட்டிக்கொண்டு கழி ஊன்ற, ஹேமந்த் குரல் சொல்கிறது: "சின்ன வயசுலேர்ந்தே நான் பொண்ணுதான். அம்மாவுக்குத் தெரியும். நைனாவுக்குத் தெரியாது."

இன்றைக்கு ஊர்க்கூட்டம். ஏரியில் யார் எந்த நாள் வலை போடுவது என்கிற முறைக்குப் பாடு என்று பேர். அப்பன் பாடு ஆண்பிள்ளைக்குத்தான் போகும். மாசிலாமணிக்கு முட்டி விட்டுப்போச்சு, இனி கழி ஊன்ற முடியாது. ஹேமந்த் பேருக்கு மாறாவிட்டால் குடும்பத்துக்குப் பாடே இல்லை.

"இன்னா மாசி, மகன் பேரைச் சொல்றதா, மக பேரைச் சொல்றதா?" வரதன் நக்கலடித்தான். கூட்டம் கெக்கெக்கே என்று சிரித்தது.

தலைவர் மாணிக்கம் கையமர்த்திவிட்டு, ஓரமாக நின்ற ஹேமந்தைப் பார்த்தார். "தம்பி, படத்துக்காக நடிச்சேன்னு ஒரு வார்த்த சொல்லிடு. பாடு உன் பேருக்கு மாறிடும்."

சொல்லிடுவான். சோத்து விஷயமாச்சே. மாசிலாமணி அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நடிக்கல," என்றது பிள்ளை.

"அப்ப பாடு கிடையாது. அடுத்த வீட்டுப் பேரைச் சொல்லுங்கப்பா."

மாசிலாமணி பொம்பளைங்க நின்ற பக்கம் திரும்பினார். "ஏ எல்லம்மா, எப்பலேர்ந்து தெரியும் உனக்கு?"

"அஞ்சாங்கிளாஸ்லேர்ந்து," என்றாள் பெண்டாட்டி, தரையைப் பார்த்து.

"ஒரே பானைச் சோத்தத் தின்னுக்கினு, என்னை மட்டும் வெளியாளாக்கிட்டீங்களே."

பிள்ளை பக்கத்தில் வந்தது. "உங்கிட்ட சொல்ல பயம் நைனா."

"எப்பனா கை ஓங்கிருக்கனா?"

"இல்ல. நீ அடிச்சா வாங்கிக்கலாம். பேசாம போய்டுவியேன்னுதான்."

"ஊரு உலகத்துக்குச் சொல்ல பயமில்ல. எனக்குச் சொல்லத்தான் பயமாம். யாருகிட்ட கத வுடற?"

துண்டை உதறித் தோளில் போட்டார். "நைனா, நைனா" என்று பின்னால் கூப்பிட்டது காதில் விழுந்தது. பயமாம், பயம் என்று முனகியபடி, தேய்ந்த முட்டியை இழுத்து இழுத்துப் படகுப் பக்கம் நடந்தார்.