கீழே கிடப்பவர்

படியேறி முடிப்பதற்குள் தங்கமணிக்கு மூச்சு வாங்கியது. ராத்திரி வேலை முடித்து, ஷா ஆலமிலிருந்து நேரே செந்தூல் போய் அவளை ஏற்றிக்கொண்டு வந்த மகன் திருச்செல்வத்துக்குக் கண் எரிந்தது. வருஷா வருஷம் அப்பாவின் திதிக்கு இதே பாடுதான். பட்டாளத்தில் இருந்த மனுஷன் கம்யூனிஸ்ட்டுகளோடு நடந்த காட்டுச் சண்டையில் செத்தபோது திரு வயிற்றில் இருந்தான். சாம்பலைக் கிள்ளான் கடலில் கரைத்தாயிற்று. கும்பிட ஓர் இடம் வேண்டுமே என்று, செத்த வீரர்களுக்கு எழுப்பிய இந்தத் தேசிய நினைவுச்சின்னத்தை அம்மா பிடித்துக்கொண்டாள்.

உச்சியில் வெண்கல வீரர்கள் கொடி பிடித்து நின்றார்கள். அவர்களை அவள் ஏறெடுத்தும் பார்த்ததில்லை. அவர்கள் காலடியில் விழுந்து கிடக்கும் உருவங்களில் ஒன்றுக்கு நேராகச் செருப்பைக் கழற்றிவிட்டு, சிலையைச் சுற்றியிருக்கும் குளத்தின் விளிம்பில் ஒரு கப் பால் சேர்க்காத கோப்பி ஓவும் பற்றவைக்காத சிகரெட் ஒன்றும் வைப்பாள். செத்தவன்தானே கிடப்பான்?

கிடப்பது எதிரி என்று திருவுக்குப் பள்ளிக்கூடத்திலேயே தெரியும். இத்தனை வருஷப் படையலும் எவனுக்கோ போய்விட்டது என்று பெற்றவளிடம் எந்த வாயால் சொல்வது? அவள் போய்ச் சேரும்வரை தெரியாமலே இருக்கட்டும் என்றுதான் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு கூடவே வந்துகொண்டிருந்தான்.

இன்றைக்கென்று பார்த்து, தமிழ்நாட்டுப் பயணிகள் கூட்டம் ஒன்றை ஒரு வழிகாட்டி ஓட்டிக்கொண்டு வந்தார்.

"நிக்கிறவங்கதான் நம்ம சோல்ஜர்ஸ். கீழ கெடக்கிறது எதிரிங்க, கம்யூனிஸ்ட்டு," என்றார் கணீரென்று.

திரு சட்டென்று அம்மாவைப் பார்த்தான். அம்மா கூப்பிய கையை இறக்கவில்லை. கூட்டம் படம் பிடித்துக்கொண்டு நகர்ந்தது.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்மா."

அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவனுக்கு. குனிந்து கப்பைத் தொட்டான். "எடுத்து அந்தப் பக்கம் வச்சிடவா?"

"வச்சத எடுக்கக் கூடாது. அவனுக்கு மட்டும் யாரு வைக்கிறா, விடுலா." முட்டியைத் தடவிக்கொண்டாள். "இன்னொரு கப்பு கொண்டா."

கீழே காரில் கிடந்த ஒரு காகிதக் கப்பைத் திரு எடுத்து வந்தான். பிளாஸ்க்கைக் கவிழ்த்ததில் அரைக் கப்தான் தேறியது. அதை ஏந்திக்கொண்டு, நிற்பவர்களை அவள் முதன்முதலாக அண்ணாந்து பார்த்தாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"எல்லாம் வெள்ளைக்காரன் மூஞ்சியா இருக்கு. இதுல உங்கப்பா யாருடா?"

ஒரே ஒரு போட்டோவில் மட்டும் அப்பாவைப் பார்த்திருந்த திருவும் அண்ணாந்தான். வெயில் கண்ணில் குத்தியது. கோப்பி அவள் கையிலேயே ஆறிக்கொண்டிருந்தது.