மூன்று பழமும் வராத சாப்பாடும்

முல்தி மூன்று பேரீச்சம்பழம் தின்றார். கொட்டைகளைத் தட்டில் துப்பிவிட்டுச் சாப்பாட்டுக்குக் காத்திருந்தார். சாப்பாடு வரவில்லை. ஸ்ஃபாக்ஸ் நகரில் மகள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்தே வரவில்லை.

ஊரில் தன் பேரீச்சந்தோப்பில் நெஞ்சுவலி வந்து விழுந்தவரை மகள் வஸீலாதான் தூக்கி வந்தாள். வைத்தியர் எண்ணெயைக் குறைக்கச் சொன்னார். இவள் அடுப்பையே அணைத்துவிட்டாள். போனில் எவளோ ஒருத்தி படம் போட்டு வைத்தியம் சொல்கிறாளாம். வேகவைத்தது ஆகாது, எண்ணெய் ஆகாது, பாதாம்கூட ஆகாது. பழமும் பச்சைக் கீரையும்தான்.

"கீரை சும்மா வாய்க்குத்தாம்ப்பா. பழந்தான் ரொட்டிக்குப் பதில். நல்லா இனிக்கிறதா எடுத்து வயிறு முட்டத் தின்னுங்க."

"பேரீச்சம்பழத்தைப் பத்தி எனக்கே சொல்றியா? போடி."

அவர் ஊர் தோஸர் பக்கம் விருந்தாளிக்கு முதலில் வருவது பழத்தட்டு. மூன்று எடுக்கலாம். நாலாவதுக்குக் கை நீட்டினால், வீட்டில் உலை வைக்க வழியில்லாதவன் என்று பேர். நோன்பு திறக்கும்போதும் அதே கணக்குதான். பழம் வந்து கதவைத் தட்டும், பின்னாலேயே ஆவியில் வெந்த குஸ்குஸ் ரவைச் சோறு வரும். இங்கே தட்டுகிற சத்தத்தோடு சரி.

கிழவர் இளைத்தார். "கெட்டதெல்லாம் வெளிய போகுது" என்று மகள் சந்தோஷப்பட்டாள். மாடிப்படியில் ஒருநாள் தலைசுற்றி உட்கார்ந்ததிலிருந்து வாசல் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அறுவடை முடியறதுக்குள்ள நான் தோப்புக்குப் போகணும். ஆளுங்க நல்ல குலையா ஒதுக்கிருவானுங்க."

"தெரு வரைக்கும் தனியா இறங்கி ஏறிக் காட்டுங்க. அன்னிக்கே பஸ் ஏத்தி விடறேன்."

மூன்று மாடி. எழுந்து நிற்கவே சுவர் வேண்டியிருந்தது. ஜன்னலைத் திறந்தால் எண்ணெய்ச் செக்கின் வாசம் தெருவெல்லாம் அடித்தது. அதையும் மூடிக்கொண்டார்.

மருமகன் தாஹர் தினமும் வெளியிலேயே தின்றுவிட்டு வருவான்.

"மாப்பிள்ளை, மீசையில எண்ணெய் வாடை."

"மெதுவா மாமா. அவ காதுல விழுந்தா நாளைலேர்ந்து எனக்கும் வாழைப்பழந்தான்."

"ஒரு துண்டு ரொட்டி, எண்ணெயில தொட்டுக் கொண்டாடா."

"உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா என்னைக் கொன்னே போட்டுருவா. பசிச்சா இதையே தின்னுங்களேன். மூணோட நிறுத்திட்டு உக்காந்திருக்கீங்க. இங்க யாரு உங்களை எண்றா?"

"நான் எண்றேன்."

தாஹர் சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

அந்த வாரம் அவர் தோப்பிலிருந்தே ஒரு பெட்டி வந்தது. கிளையோடு இருந்தது. வெளிச்சத்தில் பிடித்தால் கொட்டை தெரிகிற பழம். அவர் இல்லாமலே அறுக்கிறான்கள். கதவைச் சாத்தி, சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து, நாலாவது பழத்தை வாயில் போட்டார். திருடித் தின்கிற மாதிரி இருந்தது. போட்டபிறகு கை நிற்கவில்லை. கிளை மொட்டையானது. மறுநாளும் அப்படியே, மேலே ஒரு சீப்பு வாழைப்பழம்.

கால் சொன்னபடி கேட்க ஆரம்பித்தது. ஒரு காலை கதவைத் திறக்கச் சொல்லி இறங்கினார். தெருவைத் தொட்டார். மேலே ஏறி வந்து வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"பஸ்ஸுக்குச் சொல்லு."

வஸீலா அழுதாள். போனை எடுத்து அவரைப் படம் பிடித்தாள். "பாத்தீங்களா! பழந்தான் உங்களை எழுப்பிச்சு. அங்க போனா மறுபடி எண்ணெயில முக்கி எடுப்பீங்க. இனி ஏம்ப்பா போகணும்?"

"வாக்குக் குடுத்தியே!"

"உங்க உசுரைவிட வாக்கு பெரிசா?"

அவர் மருமகனைப் பார்த்தார். தாஹர் மீசையைத் துடைத்துக்கொண்டு செருப்பைத் தேடினான். அவன் போனதும் பூட்டு விழுந்தது. சாவி இடுப்புக்குப் போனது.

மத்தியானம் தட்டு வந்தது. மூன்று தின்றார். கை தானாக நாலாவதுக்குப் போனது. சட்டென்று இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, வேறு என்ன செய்வது, எடுத்துத் தின்றார்.