அரிக்கிறவர்கள் கை தூக்குங்கள்

1

இந்தக் கதை என் தங்கையின் விரலிடுக்கிலிருந்து கிடைத்தது. தோல் மருத்துவர் அங்கேதான் சுரண்டி எடுத்தார்.

முதலில் இப்படி ஆரம்பித்திருந்தேன்: ‘மனிதத் தோல் ஒரு கண்டம், அதில் கண்ணுக்குத் தெரியாத குடியேறிகள்…’ (அடித்துவிட்டேன். தங்கை படித்தால் சிரிப்பாள்.)

அவளுக்கு முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை. பெரியவர்களைக் குளிப்பாட்டுவாள், நகம் வெட்டுவாள், படுக்கை மாற்றுவாள். மூன்று வாரமாக அரிப்பு. சோப்பை மாற்றினாள், கத்தரிக்காயை நிறுத்தினாள், எதற்கும் அரிப்பு அடங்கவில்லை.

மருத்துவர் நுண்ணோக்கியை அவள் பக்கம் திருப்பினார். உருண்டை உடம்பு, எட்டுக் கால். சிரங்குப் பூச்சி. தோலுக்குள் சுரங்கம் தோண்டி முட்டையிடுமாம்.

“நடக்குதுக்கா!” என்றாள். “இத்தனை நாளா இதுக்கா வாடகையில்லாம எடம் குடுத்திருக்கேன்?”

2

இந்த இடத்தில் அவளை அழவைத்துப் பார்த்தேன். கதைக்கு எடுப்பாகத்தான் இருந்தது. ஆனால் அவள் அழவில்லை, மருத்துவரைக் கேள்வி கேட்டுத் துளைத்துவிட்டாள்.

“அழுக்கா இருந்தாதான் வருமா டாக்டர்?”

“சுத்தமா இருக்கிறவங்களுக்கும் வரும்மா. தொட்டுப் பழகினா போதும். கூட இருக்கிற எல்லாரும் ஒரே நாள்ல மருந்து பூசணும்.”

(முதல் வரைவில் இல்லாதது: ‘தொட்டு’ என்றதும் நான் நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டேன். அவள் பார்த்தாள். நான் நல்லவளாக வரும் வரைவும் பத்திரமாக இருக்கிறது.)

3

இல்லத்தின் மேலாளரை வில்லனாக்கி இரண்டு பக்கம் எழுதிக் கிழித்தேன். பாவம், பயந்த மனிதர்.

“வெளியே தெரிஞ்சா பிள்ளைங்க வந்து அப்பா அம்மாவைக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. நீ சத்தமில்லாம ரெண்டு வாரம் லீவு போட்டுடும்மா.”

“அவங்களுக்கும் அரிக்குமே சார்?”

“வயசானா அரிக்கத்தான் செய்யும்.”

தங்கை நேரே சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய், விரல்களை விரித்துக் காட்டினாள்.

“எனக்கு சிரங்கு வந்திருக்கு. உங்ககிட்டேயிருந்து எனக்கா, என்கிட்டேயிருந்து உங்களுக்கான்னு தெரியலை. யாருக்கெல்லாம் அரிக்குது? கை தூக்குங்க.”

கரண்டிச் சத்தம்கூட நின்றுபோனது. [இங்கே மௌனத்தைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. வேண்டாம்.]

எல்லாரும் ஜட்ஜ் என்று கூப்பிடும் பெரியவர் முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழற்றி, மெல்லக் கையைத் தூக்கினார்.

“எனக்கு ரெண்டு மாசமா இருக்கும்மா. சொல்ல வெட்கமா இருந்துச்சு.”

அவருக்குப் பின்னால் பதினொரு கைகள்.

4

அந்த வாரமே குறித்த ஒரு நாளில் மருந்து பூசினார்கள். துணியெல்லாம் வெந்நீரில் துவைத்தார்கள். எந்தப் பிள்ளையும் பெற்றவர்களைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. தங்கைக்கும் வேலை போகவில்லை. ஒரே வீட்டில் இருப்பதால் நானும் பூசிக்கொண்டேன். முதுகுக்கு அவள்தான் பூசிவிட்டாள்.

எனக்கு முடிவுதான் அமையவில்லை.

“உங்க மேனேஜர் கை தூக்கினாரா?” என்று கேட்டேன்.

“வாசல்ல நின்னாருக்கா. வலது கை பேன்ட் பாக்கெட்டுக்குள்ள அசைஞ்சுக்கிட்டே இருந்துச்சு.”

“சொறிஞ்சாரா?”

“சாவியைத் தேடியிருப்பாரோ என்னமோ. மருந்து பூசின அன்னிக்கு அவர் லீவு.”

சொறிந்தார் என்று எழுதிப் பார்த்தேன். சாவி தேடினார் என்றும் எழுதிப் பார்த்தேன். அவரானால் இன்னும் அந்த வாசலிலேயே நிற்கிறார், கையை வெளியே எடுக்காமல்.

அரிக்கிறதா என்று நீங்களே அவரிடம் கேட்டுப்பாருங்கள். நாலு பேர் முன்னால் மட்டும் வேண்டாம்.