கன்னத்தில் கொய்யா இலை

சுகாதார உதவியாளர் மாலை வகுப்பில் ஒரு பாடம்: போதைப் பழக்கத்தில் யார் எளிதாக விழுவார்கள்? தகப்பனுக்குப் பழக்கம் இருந்தால், நண்பர்களுக்கு இருந்தால், வேலை இல்லாவிட்டால், பரீட்சை பயம் இருந்தால் என்று ஆசிரியர் அடுக்கிக்கொண்டே போனார். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன். வாழ்க்கையில் முதன்முறையாக முழு மதிப்பெண். அப்போது என் கன்னத்தில் காத் என்னும் போதை இலை இருந்தது. ஆசிரியர் கன்னத்திலும் இருந்தது.

இப் என்னும் எங்கள் நகரத்தில் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஆண்கள் இலையோடு உட்காருவார்கள். வழக்கு தீர்வதும் வேலை கிடைப்பதும் பெண் கொடுப்பதும் அங்கேதான். எனக்கு நிச்சயித்திருந்த இஷ்ராக்குக்கு மட்டும் அது ஆகாது.

"எங்க அப்பா சாயங்காலமெல்லாம் வீட்டுலதான் இருப்பார். ஆனா இருக்க மாட்டார். அதே மாதிரி இன்னொருத்தர் எனக்கு வேண்டாம். இலையை விட்டாத்தான் கல்யாணம்" என்று போனில் சொல்லிவிட்டாள்.

விட்டேன். அதற்குப் பிறகுதான், மத்தியானத்தில் ஓர் ஆண் போய் உட்கார இந்த ஊரில் வேறு இடமே இல்லை என்று தெரிந்தது. அம்மாவோடு உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்தேன். "உடம்புக்கு என்னடா?" என்றாள் அம்மா.

நேற்று கல்யாணத் தேதி பேச இஷ்ராக்கின் அப்பா ஹமூத் கூப்பிட்டிருந்தார். கூப்பிட்டது மத்தியானத்துக்கு, இலையோடு. வெறும் கன்னத்தோடு போனால் அவமரியாதை; இலை போட்டால் பெண் இல்லை. நான் திட்டமிட்டுச் செய்கிறவன். கொய்யாக் கொழுந்து பறித்துக் கழுவி, கன்னத்தில் அடக்கிக்கொண்டேன். துணைக்கு வந்த என் மாமா முக்பில், "பலே, நல்ல உருண்டைடா!" என்று பாராட்டினார்.

கொய்யா நாக்கை இழுத்துப் பிடித்தது. சாயங்காலம் வரை "ம்" மட்டும் சொன்னேன். அடக்கமான பையன் என்று கூடமே மெச்சியது. அப்போது ஹமூத் தன் இலைக்கட்டிலிருந்து சிவந்த கொழுந்தாக ஒன்றைக் கிள்ளி என் மடியில் எறிந்தார். வீட்டுக்காரர் கையால் எறிந்ததைத் திருப்பித் தரக்கூடாது. மடியிலேயே வைத்திருக்கலாம். அது எப்படியோ வாய்க்குப் போய்விட்டது. எப்படியோ என்ன, என் கைதான் கொண்டுபோனது.

போன் அடித்தது. முற்றத்துக்கு ஓடினேன். மாடி ஜன்னல் திரைக்குப் பின்னால் இஷ்ராக்.

"கன்னம் இங்கிருந்தே தெரியுது."

"கொய்யா இலை. சத்தியமா!"

"துப்புங்க."

உள்ளங்கையில் துப்பி, ஜன்னலை நோக்கி ஏந்தினேன். அத்தனை உயரத்திலிருந்து எல்லாம் பச்சைதான். அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

"அதுல ஒண்ணு... உங்க அப்பா கொடுத்தது."

"இன்னைக்கு எங்க அப்பா. நாளைக்கு எங்க அண்ணன். அப்புறம் உங்க மாமா. இலையை விடுறது இருக்கட்டும், இவங்ககிட்ட வேண்டாம்னு சொல்ல வாய் இருக்கா உங்களுக்கு?" என்று கேட்டுப் போனை வைத்துவிட்டாள்.

வாய் கொப்பளித்து உள்ளே போனபோது பொழுது சாய்ந்திருந்தது. அந்த நேரத்தில் கூடத்தில் பேச்சு தானாக அடங்கும். ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த அமைதிக்குள் போய்ச் சொன்னேன்: "நான் போட்டிருந்தது கொய்யா இலை."

ஹமூத் நிமிர்ந்தார். "அட பாவமே. வயித்தால போகுதா? கொய்யா அதுக்கு நல்லதுதான்."

"ஆமா ஆமா, காலையிலேர்ந்தே!" என்றார் மாமா. இந்த ஊரில் இலையை மறுக்க நோய் ஒன்றுதான் மரியாதையான வழி. எனக்கும் வாய் வரை "ஆமா" என்றே வந்தது. அதை விழுங்கிவிட்டு ஹமூத்திடம் சொன்னேன்:

"வயிறு நல்லாத்தான் இருக்கு. இலையை விட்டுட்டேன். நீங்க கொடுத்தாலும் இனிமே வேண்டாம், மாமா."

முக்பில் மாமா கண்ணை மூடிக்கொண்டார். ஹமூத் என் பக்கம் திரும்பினார்.

"அப்போ மத்தியானத்துல எங்க உக்காருவே?"

"தெரியல. இப்போதைக்கு உருளைக்கிழங்கு உரிக்கிறேன்."

யாரோ சிரித்தார்கள். ஹமூத் சிரிக்கவில்லை. "இலை போடாதவன்கிட்ட நான் எப்படிப்பா தேதி பேசுறது? காலையில வா."

காலையில் கல்யாணம் பேசி நான் கேள்விப்பட்டதில்லை. பெண் இல்லை என்பதைத்தான் நாசூக்காகச் சொல்கிறாரோ என்று வழியெல்லாம் மாமாவை நச்சரித்தேன். "என்கிட்ட பேசாதே" என்றார் அவர்.

வீட்டு வாசலில் இஷ்ராக்கின் செய்தி வந்தது: "இலை இல்லாம அப்பா காலையில பத்து மணி வரைக்கும் எல்லார் மேலயும் எரிஞ்சு விழுவார். பதினொண்ணுக்கு வாங்க. அப்போ ஆம்பளைங்க கூட்டம் இருக்காது, நானும் கூடத்துல இருப்பேன்."