உப்புப் பாலையோரச் சத்திரம்

தாம்கானிலிருந்து தெற்கே போகும் மண்பாதையில், மலை முடிந்து உப்புப் பாலை தொடங்கும் இடத்தில் ரபாத் கஸ் சத்திரம் இருக்கிறது. ஒட்டகக் கூட்டங்கள் போன காலத்தில் கட்டியது. நான்கு பக்கமும் செங்கல் மதில், நடுவில் முற்றம், உள்ளே போக ஒரே ஒரு பெருங்கதவு. அதை வைத்திருந்த ஹைதர் செத்த பிறகு அவன் மனைவி குல்அந்தாம் அங்கே தனியாக ஆடு வளர்த்து வந்தாள்.

ஹைதரின் தம்பி யதுல்லாவுக்கு அந்த இடத்தின் மேல் கண். டெஹ்ரானிலிருந்து ஃபர்சாத் என்ற பொறியாளரைப் பிடித்து வந்திருந்தான். சத்திரத்தை வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் விடுதியாக்குவது திட்டம். இருவரையும் என் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். அது வசந்தகாலம், நண்பகல் தாண்டியிருந்தது.

கதவு சாத்தியிருந்தது. குல்அந்தாம் மதில்மேல் நின்றாள். கையில் துப்பாக்கி இல்லை. கல் இருந்தது.

"அண்ணி, விருந்தாளி வந்திருக்காங்க. கதவத் தொற" என்றான் யதுல்லா.

"விருந்தாளிய நீ கூட்டிட்டு வந்தா அவன் விருந்தாளி இல்ல கொழுந்தனாரே. பங்காளி."

ஃபர்சாத் நயமாகப் பேசிப் பார்த்தான். "அம்மா, இது சீனத்துப் பட்டு போன பாதை. உலகமே வந்து பாக்க வேண்டிய இடம்."

"பட்டு போச்சோ என்னவோ. எனக்குத் தெரிஞ்சு இந்தப் பக்கம் வந்தது உப்பு மூட்டையும் பேனும்தான். ரெண்டையும் பாத்தாச்சு, கெளம்புங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. யதுல்லா முறைத்ததும் அடக்கிக்கொண்டேன்.

"போன மாசம் என் மூணு நாய்க்கும் விஷம் வச்சது யாருன்னு இவர்கிட்ட சொன்னியா?" என்று கேட்டாள் அவள்.

"பைத்தியம் மாதிரி பேசாத. ஓநாய் தின்னு போட்ட அழுகின பொணத்தத் தின்னு செத்திருக்கும்."

கல் பறந்து வந்து என் வண்டியின் முன்விளக்கை உடைத்தது. குறி அவன்தான், தப்பிவிட்டது. "கொத்ரத், உனக்கு இல்ல அது" என்று மேலிருந்தே என்னிடம் சொன்னாள். மன்னிப்பு கேட்ட தொனி இல்லை.

திரும்பிப் போகலாம் என்று வண்டியை எடுக்கும்போதே தெற்கே வானம் செம்மண் நிறமாக எழுந்துவிட்டது. பாலைக் காற்று எழுந்தால் எங்கள் ஊரில் யாரும் வண்டி ஓட்டுவதில்லை. இருந்தும் கிளப்பினேன். மதில் முனையைத் தாண்டுவதற்குள் பாதை மறைந்தது, மண் ஏறி எஞ்சின் இருமி நின்றது. சால்வையால் முகத்தைச் சுற்றிக்கொண்டு மதிலைத் தடவித் தடவி மூவரும் கதவுக்கே திரும்பினோம். ஃபர்சாத் இரண்டு கையாலும் கதவில் அடித்தான்.

பெருங்கதவுக்குள் இருந்த சிறிய திட்டிவாசல் திறந்தது. ஃபர்சாத்தை உள்ளே இழுத்தாள், பிறகு என்னை. யதுல்லா குனிந்து நுழையப் போனபோது காலால் வழிமறித்தாள்.

"நாய்க்கு விஷம் வச்சேன்னு சொல்லு."

"மாட்டேன்."

"அப்ப நில்லு."

அவன் நின்றான். காற்று அவன் சட்டையைக் கிழிப்பதுபோல் அடித்தது. இரண்டு பேரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள் போல என்று எனக்கே பயம் வந்துவிட்டது. அவன் இருமி இருமி முழங்காலில் விழுந்த பிறகுதான் அவள் காலை எடுத்தாள்.

"இதக் கட்டினவன் காத்துல வர்றவனுக்குக் கட்டினான். எனக்காக இல்ல. வந்து தொல."

ஆட்டுக் கொட்டடியில் அவனைத் தள்ளினாள். எங்களுக்கு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் உப்பும் வைத்தாள். அவனுக்குத் தண்ணீர் மட்டும். "எனக்கு ரொட்டி?" என்று அவன் அங்கிருந்து கேட்டான்.

"உன்கூட உப்ப பங்கு போட்டுட்டா நாளைக்கு கோர்ட்டுல உன்மேல பிராது குடுக்க எனக்கு நாக்கு வராது. பட்டினி கெட."

அவனுக்கு ஒரு போர்வை கொண்டுபோனேன். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "நாய்க்குத்தான விஷம் வச்சேன்? மனுஷனுக்கா வச்சேன்? என்னா ஆட்டம் ஆடறா" என்றான் என்னிடம். போர்வையைப் போட்டுவிட்டு வந்தேன். அவளிடம் அதைச் சொல்லவில்லை.

பொழுது சாய்வதற்குள் காற்று அடங்கியது. ஃபர்சாத் டெஹ்ரான் போனவன் மறுபடி வரவில்லை. குடும்பச் சண்டை உள்ள இடத்தில் கை வைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டானாம்.

யதுல்லா விடவில்லை. புயலில் கதவைச் சாத்திக் கொல்லப் பார்த்தாள், சித்தம் கலங்கியவள், சொத்து அவளிடம் இருக்கக்கூடாது என்று தாம்கான் கோர்ட்டில் வழக்குப் போட்டான். என்னைச் சாட்சிக்கு இழுத்தான். அவள் எங்களை உள்ளே விட்டதைச் சொன்னேன். அவனைக் கதவில் நிறுத்தி வைத்ததையும் மறைக்கவில்லை. நாய்கள் செத்ததைப் பற்றி நீதிபதி கேட்டபோது கொட்டடியில் அவன் சொன்னதையும் சொன்னேன். யதுல்லா எழுந்து, "துரோகி" என்றான். வழக்கு தள்ளுபடியானது, உயிருள்ளவரை அவள் அங்கேயே இருக்கலாம் என்று தீர்ப்பு.

கோர்ட் படியில் குல்அந்தாம் என்னைப் பார்த்து நன்றி சொல்லவில்லை. "அன்னிக்கே சொல்லியிருந்தா அவன திரும்ப வெளியவே தள்ளியிருப்பேன்" என்றாள்.

இப்போது யதுல்லா மண்பாதை பிரியும் இடத்தில் தேநீர்க் கடை போட்டிருக்கிறான். 'சத்திரம் இடிந்துவிட்டது, வழி இல்லை' என்று ஒரு பலகையும் நட்டிருக்கிறான். அவள் கழுதையில் வந்து அதைப் பிடுங்கிப் போடுவாள். அவன் மறுபடி நடுவான். நான் அந்தப் பக்கம் போகும்போது பலகை சில நாள் நிற்கும், சில நாள் பள்ளத்தில் கிடக்கும். அவன் கடையில் எனக்குத் தேநீர் கிடையாது.