ரிவால்வருக்கு நல்ல தண்ணி

கருமருந்து அடைத்துச் சுடும் பழைய ரிவால்வரைக் கழுவுவது எப்படி என்று ராயபுரத்தில் யாரும் டெரிக்கைக் கேட்கவே வேண்டாம். கேட்காமலே சொல்லிவிடுவார். "எண்ணெய் அப்பறம் நைனா, மொதல்ல சுடுதண்ணி. மருந்துக் கரியில உப்பு கீது, ஈரத்த இழுக்கும். சுட்ட அன்னிக்கே கழுவலேன்னா துரு ஏறிப்பூடும்." துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர்தான். பேச்சில் மட்டும் படைத் தளபதி.

பூட்டன் விட்டுப்போன அந்த ரிவால்வருக்கு லைசென்ஸ் உண்டு, வேலைதான் வருஷத்தில் ஒரே நாள். மாதா திருவிழாப் படகுப் போட்டியை, குண்டில்லாமல் வெறும் மருந்தை வெடித்துத் தொடங்கிவைப்பது டெரிக் குடும்பத்தின் உரிமை. போன வருஷம் அது வெடிக்கவில்லை. தூக்கிய கையோடு அவர் நின்றார், கரையே சிரித்தது. "இந்த வாட்டியும் மக்கர் பண்ணா பேட்டரி ஹாரன்தான்" என்று கமிட்டித் தலைவர் கருணாகரன் ஹாரனையே வாங்கி வைத்துவிட்டார். அன்றிலிருந்து டெரிக்குக்குச் சோறு இறங்கவில்லை.

போட்டிக்கு ஒரு வாரம் முன்பு சோதனையாக ஒரு முறை சுட்டுப் பார்த்தார், வெடித்தது. உடனே பாகம் பாகமாகக் கழற்றி, மனைவி எல்சியின் குழம்புச் சட்டியில் கொதிக்கவைத்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, எண்ணெய் தடவினார். மூன்றாம் நாள் எடுத்தால் ஒரே துரு. மருந்து போடும் உருளை சுற்றவே மாட்டேன் என்றது. எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பலைத் திட்டினார், கடல்காற்றைத் திட்டினார், பெண்டாட்டி வறுத்த வஞ்சிரத்தையும் விடவில்லை.

"இன்னா தண்ணில கழுவுன?" என்றாள் எல்சி.

"தண்ணின்னா தண்ணிதான். நீல ட்ரம்ல மொண்டேன்."

"அய்யய்ய, அது போர் தண்ணி! வாய்ல வெச்சா கரிக்கும். அதுல நான் உன் கைலியக் கூட அலசமாட்டேன். பச்ச ட்ரம்ல கீறதுதான் லாரி தண்ணி, நல்ல தண்ணி."

முப்பத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் ஒரு குடம் தூக்கி அறியாத தளபதிக்கு இது புதுச் செய்தி. உப்பைப் பற்றி ஊருக்கே பாடம் எடுத்த மகராசன், உப்புத் தண்ணீரில் கழுவியிருக்கிறார். எல்சி தலையில் அடித்துக்கொண்டு பச்சை ட்ரம்மிலிருந்து இரண்டு குடம் கொடுத்தாள். கூடவே உட்கார்ந்து துருவையும் அவளே தேய்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ரிவால்வர் வெடித்தது. படகுகள் பறந்தன. கருணாகரன் மைக்கை நீட்டினார்.

"லாரி தண்ணிலதான் கழுவணும்! இத நானே ஆராய்ச்சி பண்ணி கண்டுபுடிச்சேன்!"

ஒரே கைதட்டல். முன்வரிசையில் எல்சியும் தட்டினாள்.

வீட்டுக்கு வந்தால் பச்சை ட்ரம்மின் மூடியில் பூட்டு தொங்கியது.

"எல்சி, சாவி எங்க? இன்னிக்கே கழுவணும். தண்ணி கேன் வாங்கலாம்னா திருவிழாவுக்கு கட மூடிக்கீது."

"அதான் ஊருக்கே சொன்னியே" என்று அவள் மீனை அரியத் தொடங்கினாள். "லாரி நாளன்னிக்கு காத்தால வரும். குடத்த எடுத்துக்கினு போய் நில்லு. எந்தத் தெருவுல நிக்கும்னு, அதையும் நீயே ஆராய்ச்சி பண்ணி கண்டுபுடி."